ஜெனோனின் இடது பக்கம்

எங்கள் ஊருக்கு எழுபத்தைந்து வயது ஆகிறதாம். அதற்காகப் புத்தகம் போடுகிறார்கள். குடும்பத்துக்கு அரைப் பக்கம். என் தம்பிக்கு ஒதுக்கிய அரைப் பக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு புத்தகக் குழுவிலிருந்து ஒரு பெண் போன வாரம் வந்தாள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தேன்.

"ஜெனோன் குரிலுக். குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர், கோடையில் பேஸ்பால் கேட்சர். இரண்டு ஆட்டங்களிலும் பாப்ளர் பெண்ட் ஊருக்குப் பெருமை சேர்த்தவர். 1956இல் நேர்ந்த விபத்தில் இடது கண்ணை இழந்தார். அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் அம்பயராக இருந்தார்."

விபத்தாம்! எனக்கு வந்ததே கோபம்.

"என்னம்மா, பேர் எதுவும் தப்பாயிருக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"பேரெல்லாம் சரியாத்தான் இருக்கு. விபத்துன்னு எழுதியிருக்கியே, அதை அடி."

"அப்ப என்னன்னு எழுதறது?"

"உக்காரு. காப்பி குடி. சொல்றேன்."

அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். அவள் பாதியில் பேனாவை மூடிவிட்டாள். நீங்களாவது முழுசாகக் கேளுங்கள்.

நான் டெக்லா. ஜெனோனுக்கு ஆறு வயது மூத்தவள். ஊர் ஐஸ் ஹாக்கி ரிங்க் கொட்டகையில் கேன்டீன் நடத்தியவள். காப்பி, உருளைக்கிழங்கு வைத்த பிரோஹிக் கொழுக்கட்டை, சனிக்கிழமையானால் பீட்ரூட் சூப். ஆனால் ஊர் என்னை அறிந்தது சமையலால் அல்ல, வாயால். ரிங்க்கில் என் குரல் எழுந்தால் அந்தக் கோடியில் நிற்கும் எதிரணி கோல்கீப்பருக்குக் காது சிவக்கும். வெளியூர் ஆட்டக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கேட்பது, "அந்த டெக்லா இன்னிக்கு இருக்காளா?" என்பதுதான். எனக்கு அதில் ஒரே பெருமை. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாள். யார் பிழைப்பைக் கெடுத்து என்று அவள் சொல்லவில்லை.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா மாடுகளைப் பார்த்தாள், நான் ஜெனோனைப் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொள்வது என்றால் என்ன, நான் எறிவேன், அவன் தடுப்பான். குளிர்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் உறைந்த குட்டையில் உறைந்த குதிரைச் சாணத்தைத் தடியால் அடிப்பேன். ஹாக்கி ஆடும் ரப்பர் பக் வாங்க யாரிடம் காசு இருந்தது? அவன் காலில் பழைய விலைப்பட்டியல் புத்தகங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நிற்பான். கோடையில் களஞ்சியச் சுவர் ஓரம் குந்தி உட்காருவான், நான் பந்தை எறிவேன். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அடிக்க ஆசை, ஓட ஆசை. இவனுக்கு மட்டும் வருவதை வாங்கிக்கொள்ள ஆசை. எந்த வேகத்தில் எறிந்தாலும் இடது கை எங்கிருந்தோ வந்து பிடித்துவிடும்.

வளர்ந்தும் அதேதான். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கோல் வலைக்கு முன்னால் நிற்பான். மே முதல் ஆகஸ்ட் வரை பந்தடிப்பவன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருப்பான். இடையில் ஏப்ரலில் பனி உருகித் தெருவெல்லாம் சேறாகிக் கிடக்குமே, அப்போது மட்டும் அவனுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. பால் சொசைட்டியில் வெண்ணெய் கடையும் வேலை. வேலை முடிந்து வந்து ஜன்னல் ஓரம் நின்று சேற்றையே பார்த்துக்கொண்டிருப்பான். "காயும்டா, காயும். சேறு உன்கிட்ட பயந்துக்கிட்டு ஓடிடாது" என்பேன்.

இரண்டு ஆட்டத்திலும் அவன் வேலை ஒன்றுதான். முகத்துக்கு மட்டும் விதி வேறு. கோடையில் கேட்சர் கம்பி முகமூடி போட்டுக்கொள்வான், ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குளிர்காலத்தில் அதே ஆள், அதைவிட வேகமாக வரும் கெட்டி ரப்பர் வில்லைக்கு முன்னால் வெறும் முகத்தோடு நிற்க வேண்டும். சட்டமில்லை, வழக்கம். கோல்கீப்பர் முகத்தை மூடினால் பயந்தாங்கொள்ளி. எங்கள் ஊரில் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான். கோல்கீப்பரைப் பார்த்தாலே தெரியும், பல் இருக்காது, மூக்கு கோணியிருக்கும், புருவத்தில் தையல். அதைக் காட்டிக்காட்டிப் பெண் பார்க்கப் போவார்கள். இப்போது நினைத்தால் இது என்ன கூத்து என்று தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லையே!

1955 ஆகஸ்டில் ஒரு பந்தயத்தில் அவன் ஆடியதை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பார்த்தார். பிப்ரவரியில் கடிதம் வந்தது. வடக்கு டகோட்டாவில் ஒரு பேஸ்பால் கிளப். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் வந்து சேரவும், கேட்சர் இடத்துக்குப் பரிசோதித்துப் பார்ப்போம். நல்லபடி ஆடினால் அதுவே தொழில், ஆடுவதே சம்பளம். இருபத்து மூன்று வயது. எங்கள் ஊரிலிருந்து யாரும் அப்படிப் போனதில்லை. கடிதத்தை சமையலறையில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னான்.

"அக்கா, ஏப்ரல் வரைக்கும் உடம்புல ஒண்ணும் ஆகாம இருக்கணும். அவ்வளவுதான்."

"என்னடா ஆகப்போகுது உனக்கு? எருமை மாதிரி இருக்கே."

எனக்குத் தெரியாதா என்ன? ஜனவரியில்தான் கன்னத்தில் பதினோரு தையல் போட்டிருந்தார்கள். போட்டவர் எங்கள் ஊர் மாட்டு வைத்தியர் மூத்ரி. மனுஷ டாக்டர் இருப்பது நாற்பது மைலுக்கு அப்பால், அதனால் ஹாக்கிக்காரர்களுக்கெல்லாம் அவர்தான். "கன்னுக்குட்டி இவ்வளவு துள்ளாது" என்று சொல்லிக்கொண்டே தைப்பார். அந்தத் தையல் கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே. அந்த ஒரு விரற்கடைதான் அவனை யோசிக்க வைத்தது.

அடுத்த வாரம் பயிற்சிக்குத் தன் பேஸ்பால் முகமூடியைப் போட்டுக்கொண்டு ஐஸில் இறங்கினான். பையன்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பயிற்சியாளர் லோர்ன், தானியக் கிடங்கு மேலாளர், நல்ல மனுஷர். அவர் சிரிக்கவில்லை.

"பயிற்சிக்குப் போட்டுக்கோ ஜெனோன். மேட்சுக்கு வேண்டாம்பா. காலடியில வர்ற பக் அதுல தெரியாது. பாக்கறவனும் ஒரு மாதிரி பேசுவான்."

"ஏப்ரல் வரைக்கும்தான்" என்றான் இவன். ஏன் ஏப்ரல் என்று சொல்லவில்லை.

பிடிவாதமாக அரையிறுதியின் முதல் ஆட்டத்துக்கும் போட்டுக்கொண்டு போனான். அது பக்கத்து ஊரான காரிக்கில் நடந்தது. கூட்டம் அவனைப் பார்த்ததும் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக் காட்டியது. பிறகு எவனோ, "கோழிக்கூடு!" என்று கத்தினான். அவ்வளவுதான், ஆட்டம் முடியும்வரை அதே பாட்டு. கோழிக்கூடு, கோழிக்கூடு! மூன்றாவது கோல் அவன் காலடியிலேயே மெதுவாக உருண்டு உள்ளே போனது. கம்பி மறைத்துவிட்டது, அவன் பார்க்கவேயில்லை. மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். பஸ்ஸில் திரும்பும்போது ஒருத்தரும் அவனோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால், நானும்தான்.

அடுத்த சனிக்கிழமை மதியம் எங்கள் ரிங்க்கில் இரண்டாவது ஆட்டம். இதில் தோற்றால் பருவம் முடிந்தது. காரிக் ஊர்க்காரர்கள் இரண்டு பஸ் நிறைய வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வந்தார்களா? ஒரு மரக்கூண்டில் உயிருள்ள வெள்ளைக் கோழியைக் கொண்டுவந்து, ஜெனோன் நிற்கப்போகும் வலைக்குப் பின்னால் பலகை மேல் வைத்தார்கள். அது பாவம் குளிரில் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கேவியது. எங்கள் ஊர்க்காரர்களே சிரித்தார்கள்.

கேன்டீனில் என் பாடு சொல்லி மாளாது. காப்பி வாங்க வந்த ஒவ்வொருத்தனும் ஒன்று குத்திவிட்டுப் போனான். "டெக்லா, தம்பிக்குத் தீனி வாங்கியாச்சா?" "இன்னிக்கு முட்டை சல்லிசா கிடைக்குமா டெக்லா?" ஊரையே வாயால் அடக்கியவள் நான். என் வாயில் அன்று ஒரு பதிலும் இல்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது, பிரோஹி வேகும் தண்ணீர் மாதிரி.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவன் வந்தான். காலில் பெரிய தோல் பட்டைகள், கக்கத்தில் முகமூடி. கேன்டீன் முன்னால் ஆறேழு பேர் நின்றார்கள். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"அக்கா, நீ சொல்லு. போடவா, வேண்டாமா?"

அத்தனை பேர் முன்னிலையில் கேட்டான். லோர்னைக் கேட்கவில்லை, பையன்களைக் கேட்கவில்லை. மாதா படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்தான். நான் "போடு" என்று சொன்னால் அவனுக்கு அது போதும். ஊர் முழுக்கக் கோழி என்று கூவினாலும் போட்டுக்கொண்டு போயிருப்பான்.

நான் சொன்னது இது: "தாராளமா போட்டுக்கோ. போய் அந்தக் கோழி பக்கத்துலயே உக்காந்துக்கோ. சாயங்காலம் ரெண்டு பேரையும் ஒண்ணா ஓட்டிக்கிட்டு வரேன். நான் இந்த ஊர்ல தலைநிமிந்து நடக்கறதைப் பத்தி உனக்கென்ன!"

நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் ஒரு நொடி மனசு குளிர்ந்தது. பழைய டெக்லா திரும்பி வந்துவிட்டாள் இல்லையா! அவன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். கை நீட்டி, என் ஏப்ரன் மாட்டும் ஆணியில் முகமூடியை மாட்டினான். தோல் பட்டைகள் உரச, ஐஸை நோக்கி நடந்துபோனான். "டேய்" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

இரண்டாவது பகுதி முடிய எட்டு நிமிஷம் இருந்தது. நான் அடுப்பு முன்னால் கரண்டியோடு நின்றேன். கொட்டகை முழுக்கக் கூச்சல். திடீரென்று அந்தக் கூச்சல் அறுந்தது. அறுநூறு பேர் இருந்த இடத்தில் கோழி கேவும் சத்தம் மட்டும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஆணியில் தொங்கிய முகமூடியைத்தான் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் மாற்று கோல்கீப்பர் கிடையாது. ஒரே ஆள்தான். அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்திவைத்து, தைத்து, திரும்ப அனுப்புவார்கள். அதுவும் வழக்கம். மூத்ரி அவனைக் கேன்டீன் மேஜை மேல் படுக்கவைத்தார். பக் பட்ட இடது இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மேலே ஒன்பது தையல் போட்டார். "கண்ணைத் திறந்து பாக்க முடியல. வீக்கம் வடிஞ்சாத்தான் சொல்ல முடியும். இவன் படுக்கணும்" என்றார். லோர்ன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். கூட்டம் வெளியே கைதட்டிக் கூப்பிட்டது. ஜெனோன் எழுந்து உட்கார்ந்தான். இடது கண்மேல் கட்டு. நான் அவன் இடது பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பக்கம் யாரு?" என்றான்.

"நான்தான்டா. அக்கா."

"ஓ" என்றான். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான்.

மிச்ச ஆட்டத்தை ஒற்றைக் கண்ணோடு ஆடினான். பக் எங்கே வருகிறது என்று பார்க்கத் தலையை இப்படி ஒருபக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். கோழி பார்க்குமே, அப்படி. ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. காரிக் ஊர்க்காரர்களே போய்க் கூண்டை எடுத்து பஸ்ஸில் வைத்துவிட்டார்கள். ஒரு கோல்கூட விடவில்லை அவன். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். தோளில் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றினார்கள். வீரனாம்! நானும் கைதட்டினேன். மறுநாள் ரயிலேற்றி நகரத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். கண் போய்விட்டது.

அவன் அழவில்லை. நான் அழுதேன், அவன் இல்லாத இடமாகப் பார்த்து. ஏப்ரல் பத்து வந்தது, போனது. உடம்பு சரியில்லை, இரண்டு வாரம் தவணை வேண்டும் என்று கிளப்புக்கு எழுதினான். மாதக் கடைசியில் களஞ்சியச் சுவர் ஓரம் கொஞ்சம் தரை காய்ந்ததும் கையுறையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, எறி."

"வேண்டாம்டா."

"எறின்னு சொல்றேன்ல."

எறிந்தேன். பத்துப் பந்து. நான்கைப் பிடித்தான். மூன்று மார்பில் பட்டது. இரண்டு அவனைத் தாண்டிப் போனது, அவன் கை இல்லாத இடத்தில் போய்ப் பிடித்தது. எட்டு வயதிலேயே கண்ணை மூடிக்கொண்டு பிடித்த பந்துகள் அவை. பத்தாவது பந்து முகமூடிக் கம்பியில் மோதியது. அதே முகமூடி. அந்தச் சத்தம் கேட்டதும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் மெதுவாக முகமூடியைக் கழற்றி, கம்பியில் ஒட்டிய சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"போதும்" என்றான்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து தானே எழுதினான்: "ஒரு கண் போய்விட்டது. என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள்." தபால் பெட்டியில் போட்டது நான்.

அதன் பிறகு அவன் வாழ்க்கையை ஊர் பார்த்தது, பார்த்தும் பார்க்காமல் இருந்தது. ஆடுவது நின்றதே தவிர ஆட்டத்தை விடவில்லை. குளிர்காலத்தில் பீப்பாய் கட்டிய சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ரிங்க்குக்குத் தண்ணீர் பாய்ச்சி ஐஸ் கட்டினான். கோடையில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டான். அந்தக் கோடையிலேயே ஒருநாள் அம்பயர் வரவில்லை, ஆளில்லை என்று இவனைப் பிடித்து ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அப்படியே நின்றுவிட்டான். பந்து கையுறையில் விழும் சத்தத்திலேயே பாதி தெரியும் என்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பாவத்தையாவது என் தலையில் போடாதீர்கள். பெண் வீட்டில் போய் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேஸ்பால் பேசினால் எவள் வருவாள்?

மூன்று வருஷம் கழித்து ஒரு குளிர்காலம், ரேடியோவில் சொன்னார்கள். பெரிய லீக்கில் மான்ட்ரியல் அணியின் கோல்கீப்பர் ஒருத்தர் முகமூடி போட்டுக்கொண்டு ஆடினாராம், இனி கழற்ற மாட்டேன் என்றாராம். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஜெனோன் ரொட்டியை வைத்தான். எழுந்து விறகு எடுத்துவரப் போனான். விறகுப்பெட்டி நிறைந்துதான் இருந்தது. கொஞ்ச காலத்தில் சின்னப் பிள்ளைகள்கூட முகமூடி இல்லாமல் வலைக்கு முன்னால் நிற்பதில்லை என்று ஆகிவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் வீட்டில் அது வெறும் பழமொழி இல்லை.

லோர்ன் ஒருநாள் கேன்டீனுக்கு வந்து, "டெக்லா, அன்னிக்கு நான் அவனை முகமூடி போட விட்டிருக்கணும்மா" என்றார். கரண்டியைத் தூக்கி எறிந்து, வெளியே போங்கள் என்று கத்தினேன். பாவம் மனுஷர். அவர் சொன்னது பயிற்சியாளர் புத்தி, காலடி தெரியாது என்றார், அதில் ஒரு நியாயமாவது இருந்தது. நான் சொன்னதில் என்ன நியாயம்? அவரைத் துரத்திவிட்டால் என் பங்கும் கூடவே போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

அம்பயர் என்றால் திட்டு வாங்கத்தான் பிறந்தவன். ஒரு முடிவு பிசகினால் போதும், எந்த ஊரிலும், "குருடா, கண்ணாடி வாங்கிக்கோ!" என்று கூட்டம் கிழித்துவிடும். அது பேஸ்பாலோடு சேர்ந்தது. எங்கள் ஊரில் மட்டும் ஜெனோன் நிற்கும்போது ஒருத்தர் வாய் திறக்க மாட்டார்கள். வெளியூர்க்காரன் யாராவது தெரியாமல் ஆரம்பித்தால் பக்கத்திலிருப்பவன் முழங்கையால் இடிப்பான். அவன் தப்பாகச் சொன்னாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு சும்மா இருப்பார்கள். மரியாதையாம். நானும் அப்படித்தான். இருபது மைல் கேட்ட என் குரல் மைதானத்தில் கேட்கவேயில்லை. மூன்றாம் பேஸ் பக்கத்துப் பலகையில், அவன் இடது கைப் பக்கம் போய் உட்காருவேன். முப்பத்தைந்து வருஷம் அதே இடம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியாது. அதனால்தான்.

1991 ஜூலையில் வலது கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. இதுதான் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டான். லாரியை நான்தான் ஓட்டினேன். அவன் பக்கத்தில் முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தானியக் கிடங்கைத் தாண்டும்போது எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்தது.

"ஜெனோன். அன்னிக்கு நான் போடுன்னு சொல்லியிருந்தா?"

அவன் யோசிக்கக்கூட இல்லை.

"போட்டிருப்பேன்" என்றான்.

பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு. உன் தப்பில்லை அக்கா, விதி அக்கா என்று நாலு பேர் சொல்வது போல் சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன், மனசுக்குள் கொஞ்சம் ஆறியிருப்பேன். சொல்லவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு ரோடு மங்கியது. ஓட்டிக்கொண்டே போனேன். மைதானத்தில் லாரியை நிறுத்தினேன். அவன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா."

"சொல்லு."

"இன்னிக்காவது வலது பக்கம் வந்து உக்காரேன். இத்தனை வருஷமா நீ வந்திருக்கியா இல்லையான்னே எனக்குத் தெரியறதில்ல. ஒவ்வொரு ஆட்டத்துலயும் தேடறேன்."

கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டான்.

நான் என்ன முட்டாள்! அவன் என்னைப் பார்க்கக் கூடாது என்று ஒளிந்துகொண்டேன். அவன் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். இது தெரியாமல் நானும் ஒரு அக்காவா?

முதலாம் பேஸ் பக்கம், அவன் வலது கைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஊரே திரும்பிப் பார்த்தது. ஏழாவது சுற்றில் எங்கள் பையன் ஒருத்தன் சறுக்கிக்கொண்டு ஹோம் பிளேட்டைத் தொட்டான். கேட்சர் பந்தோடு வருவதற்கு ஒரு முழம் முன்னாலேயே தொட்டுவிட்டான், குழந்தைக்கும் தெரியும். ஜெனோன் கையை உயர்த்தி, "அவுட்!" என்றான். வழக்கம்போல மைதானம் வாயை மூடிக்கொண்டது. அங்கங்கே ஒரு செருமல். அந்த மௌனத்தில் அவன் குனிந்து நின்றான். தனியாக நின்றான். முப்பத்தைந்து வருஷமாக இப்படியேதான் நிற்கிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எழுந்தேன். அறுபத்து நான்கு வயதில் அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ!

"டேய் ஜெனோன்! உனக்குக் கண்ணு இருக்கா இல்லையாடா?"

பக்கத்தில் ஒரு பெண் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் முகமூடியைத் தூக்கித் தலைமேல் வைத்தான். என் பக்கம் திரும்பினான். தேடவில்லை, நேராகப் பார்த்தான்.

"ஒண்ணு இருக்குக்கா!" என்று கத்தினான். "அதுலயும் புரை! பேசாம உக்காரு!"

மைதானம் வெடித்துச் சிரித்தது. அதற்குப் பிறகு ஒன்பதாவது சுற்று வரை அவன் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. முப்பத்தைந்து வருஷத்துத் திட்டையும் சேர்த்து ஊர் கொடுத்தது. கண்ணாடி வாங்கிக்கோ என்றார்கள், வழி காட்ட நாய் கூட்டிவா என்றார்கள். அவனும் விடாமல் பதில் கொடுத்தான். முடிவை மட்டும் மாற்றவில்லை. அவுட் என்றால் அவுட்தான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தக் குழுப் பெண், "இதெல்லாம் அரைப் பக்கத்துல கொள்ளாதேம்மா" என்றாள். கொள்ள வேண்டாம். விபத்து என்பதை மட்டும் அடித்துவிட்டு இரண்டு வரி போடு என்றேன். முகமூடி போடவா என்று அக்காவைக் கேட்டான், அவள் கேலி செய்தாள், போடாமல் போனான். அவளை முப்பத்தைந்து வருஷம் கூட்டத்தில் தேடினான்.

பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டு போனாள். போடுவார்களா என்று தெரியாது. உள்ளே ஜெனோன் ரேடியோவில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறான். இப்போது வலது கண்ணிலும் நிழல்தான் தெரிகிறது. காப்பி கொண்டுபோய்க் கொடுக்கும்போது எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.